இன்னிக்கு எவ்வளவு?

அந்த வீட்டுக்கு யார் போன் செய்தாலும் முதல் கேள்வி "நல்லா இருக்கீங்களா?" அல்ல. "இன்னிக்கு எவ்வளவு?" என்பதுதான். கண்ணாடிக்காரரின் ரத்த அழுத்தம் அன்று காலை எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான், கொண்டு வந்த செய்தியைச் சொல்லலாமா, விழுங்கலாமா என்று முடிவு செய்வார்கள். நூற்றைம்பதுக்குக் கீழே என்றால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை. நூற்றைம்பதுக்கும் நூற்றெழுபதுக்கும் நடுவே என்றால் குழாய் ஒழுகுகிறது, பஸ் தவறிவிட்டது மாதிரி சில்லறை விஷயங்கள் மட்டும். அதற்கு மேலே போய்விட்டால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பால் பொங்கி வழிந்தால்கூட அவர் மனைவி துடைத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்பாள். மகள் இதற்கு "வானிலை அறிக்கை" என்று பேர் வைத்திருந்தாள். சிரிப்பதற்காக வைத்த பேர். ஒன்பது வருஷத்தில் சிரிப்பு போய்விட்டது, பேர் மட்டும் நின்றுவிட்டது.

அவர் கண்ணாடி அறுப்பவர். மூன்று தெரு தள்ளியிருக்கும் கடையில், கம்பளி விரித்த நீள மேஜை மேல் ஆளுயரத் தகடுகளைக் கிடத்தி, அளவுகோலை அழுத்திப் பிடித்து, நுனியில் சின்னச் சக்கரம் வைத்த கட்டரை ஒரே இழுப்பாக இழுப்பார். அந்த ஒரு இழுப்பு முடியும்வரை மூச்சுவிடக் கூடாது. கை கொஞ்சம் ஆடினாலும் தகடு கோணலாக விரிந்துகொள்ளும். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அறுத்துக்கொண்டிருந்த நிலைக்கண்ணாடி மேலேயே மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அளந்து பார்த்தால் இருநூறுக்கு மேலே. வயது அப்போது முப்பத்தேழு.

அன்றைக்குத் தொடங்கிய மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, அழுத்தம் மட்டும் இறங்கிய பாடில்லை. இறங்கவில்லை என்றால் பழி யார் மேல்? வேறு யார் மேல், அவர் மேல்தான். திருட்டுத்தனமாக உப்பைப் போட்டுக்கொள்கிறார் என்றார்கள். மாத்திரையைத் துப்பிவிடுகிறார் என்றார்கள். "மூக்குக்கு மேல கோபத்தை வச்சுக்கிட்டு பிரஷர் எறங்குன்னா எப்படி எறங்கும்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கோபக்காரர்தான், இல்லை என்று யார் சொன்னது? கோணலாக மாட்டிய படத்தைப் பார்த்தாலே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஆனால் மாத்திரையை அவர் ஒரு நாளும் துப்பியதில்லை. அதை நம்பாத ஆட்களில் அவர் மனைவியும் ஒருத்தி. கொஞ்ச காலம், அவர் விழுங்கியதும் எதிரே நின்று, "வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க" என்று பார்த்திருக்கிறாள். அவரும் ஒன்றும் பேசாமல் நாக்கைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். இப்போது அதை நினைத்தால் அவளுக்கு உடம்பே கூசிப்போகும்.

போன வருஷக் கடைசியில் அவருடைய வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. கண் டாக்டர் பயந்துபோய் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஒரு சிறுநீரக டாக்டரம்மா. குள்ளமான ஆள், மளமளவென்று பேச்சு. மற்ற டாக்டர்கள் நெஞ்சில் வைக்கும் குழாயை இவர் வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஒரு வாரம் கழித்து இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இவரு மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் சாப்பிடறாரு. ரத்தத்துல தெரியுது. கோளாறு இடது பக்கக் கிட்னியில. அதுக்குப் போற ரத்தக்குழாய் முழுசா அடைச்சுப்போய், கிட்னி சுருங்கிக் கெடக்கு. மொத்த வேலையில நூத்துக்கு ஆறு பங்குகூட அது செய்யல. சரி, சும்மாவாவது கெடக்குதா? எனக்கு ரத்தம் பத்தல, எனக்கு ரத்தம் பத்தலன்னு உடம்பு பூரா சேதி அனுப்பிக்கிட்டே இருக்கு. அதை நம்பி உடம்பும் பிரஷரை ஏத்திக்கிட்டே இருக்கு."

"அடைப்பை எடுத்துட முடியாதா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"எடுத்துப் பிரயோஜனமில்லம்மா, கிட்னியே போயிடுச்சு. அதை மொத்தமா எடுத்துடறதுதான் வழி. வலது பக்கம் நல்லா இருக்கு, மனுஷனுக்கு ஒண்ணு போதும். எடுத்தா கட்டாயம் எறங்கும்னு எழுதிக் குடுக்க மாட்டேன். எறங்க நெறைய வாய்ப்பு இருக்கு. இப்படியே விட்டா, இன்னிக்குக் கண்ணுல கசிஞ்சது நாளைக்கு மூளையில கசியும்."

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் கண்ணாடிக்காரர் ஆபரேஷனைப் பற்றிப் பேசவில்லை. "நான் துப்பலைன்னு சொன்னேன்ல?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபரேஷன் என்றதும் மாட்டவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். கண்ணாடியானால் கோணலாய்ப் போனால் இன்னொரு தகடு எடுக்கலாம், உடம்புக்கு எங்கே போவது என்றார். அந்தப் பிடிவாதத்தை உடைத்தது அவருடைய அக்கா. அம்மா செத்தபோது அவருக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினாலு. குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, அடித்தது, அடித்துவிட்டு அழுதது எல்லாம் அவள்தான். ஆறு மணிநேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் மகனோடு இருந்தாள். போனில் அவள் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற மனைவிக்கே கேட்டது.

"ஏன்டா, ஆறு பங்கு வேலைகூடச் செய்யாதவனைக் கடையில வச்சிருப்பியா? அனுப்பிட மாட்டே? கையெழுத்துப் போடுடா. ஆபரேஷன் அன்னிக்கு நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். நீ வெளிய வந்து நல்லா இருக்கேன்னு தகவல் வந்த பிறகுதான் சாப்பாடு. என்னைப் பட்டினி போடணும்னா உள்ளயே கெட."

கையெழுத்துப் போட்டார்.

போட்டால் மட்டும் போதுமா? மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், நூற்றறுபதுக்கு மேல் இருந்தால் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதல் தேதி அன்று இருநூற்றுப் பத்து, திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தேதிக்கு நூற்றுத் தொண்ணூறு. மூன்றாவது முறை ஒரு வாரம் முன்னாலேயே வார்டில் சேர்த்து, ஊசி வழியாக மருந்து ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். வியாழக்கிழமை காலை ஆபரேஷன் என்று குறித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் நர்ஸ் கருவியைப் பார்த்துவிட்டு, "நூத்தி நாப்பத்தெட்டு" என்றாள். மனைவி நம்பாமல் எட்டிப் பார்த்தாள். நூற்றைம்பதுக்குக் கீழே ஓர் எண்ணை அந்தக் குடும்பம் முதல்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் அவள் அவருடைய சட்டையை அலசிக்கொண்டு வராந்தாவில் வந்தாள். லிஃப்ட் பக்கத்தில் நிற்கும்போது போன் அடித்தது. நாத்தனார் மகன்.

"அத்தை, மாமாவுக்கு இன்னிக்கு எவ்வளவு?"

"நூத்தி நாப்பத்தெட்டுப்பா!" என்று அவள் கிட்டத்தட்டக் கத்தினாள். "உங்கம்மாகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவாங்க."

அந்தப் பக்கம் அவன் அழுதான். அம்மா குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாளாம். தலையைத் துவட்டத் துண்டு எடுத்துத் தரச் சொன்னாளாம். அவன் துண்டோடு திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டதாம். பத்தரை மணி இருக்கும் என்றான். பெற்ற தாய் செத்து அரைமணி நேரம் ஆகவில்லை, அந்தப் பிள்ளையும் முதலில் எண்ணைத்தான் கேட்டிருக்கிறான். அப்படிப் பழக்கிவைத்திருந்தார்கள் எல்லோரையும்.

ஈரச் சட்டை அவள் கையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் அண்ணி என்று கூப்பிடும் அவருடைய அக்கா வெறும் நாத்தனார் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தலையில் வைத்துக் கொண்டாடிய மனுஷி. அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் அழுதால் கண் சிவக்கும். சிவந்தால் அவர் கேட்பார்.

"நாளைக்குக் காலையில பதினொரு மணிக்கு எடுக்கறோம் அத்தை. மாமாகிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க?"

"சொல்லக் கூடாதுப்பா."

"என்ன அத்தை பேசறீங்க? அம்மாவை அவரு கடைசியா ஒரு தடவை பாக்க வேண்டாமா? நாளைக்கு என்னைக் கேட்டா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு..."

"பாக்கணும்தான். யாரு இல்லேன்னா? சொன்ன மறுநிமிஷம் இருநூறு ஏறும். ஆபரேஷன் கெடையாது. பஸ்ஸுல ஆறு மணி நேரம். நடுவழியில அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா? உங்கம்மாதானே அவரைக் கையெழுத்துப் போட வச்சாங்க. யோசிச்சுப் பாரு."

அவன் யோசித்தான். பிறகு, "சரி அத்தை, உங்க இஷ்டம்" என்றான். அந்த "உங்க இஷ்டம்" அவள் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தனியாகச் சுமக்க முடியாமல் டாக்டரம்மாவைத் தேடிப் போனாள். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சொல்லுங்கன்னோ சொல்லாதீங்கன்னோ நான் எப்படிம்மா சொல்றது? பிரஷர் ஏறிடுச்சுன்னா வியாழக்கிழமை கெடையாது. அடுத்த தேதிக்கு மூணு வாரம் ஆகும். அந்த மூணு வாரம் அவரு தாங்குவாரான்னு எனக்குத் தெரியாது. தாங்கவும் தாங்கலாம். ஆனா ஒண்ணு, அவருக்கு எது வேணும்னு அவரைக் கேட்டீங்களா?"

"கேக்கணும்னா சொல்லணுமே டாக்டர்."

டாக்டரம்மா எழுந்து வந்து அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அக்காவின் போன் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு வரும் போன். ஐந்தேகாலுக்கு அவர் கேட்டார், "என்ன இவளைக் காணோம்?"

அவள் ஒரு முழு மத்தியானம் யோசித்து வைத்திருந்த பொய்யை எடுத்தாள். "போன் பக்கெட்டுல விழுந்துடுச்சாம். ரிப்பேருக்குக் குடுத்திருக்காங்களாம். அவங்க பையன் சொன்னான்."

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லா வேணும் அவளுக்கு. குளிக்கப் போனாலும் அதைக் கையிலயே புடிச்சுக்கிட்டுத் திரிவா. எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!"

அவளும் சிரித்தாள். வேறு என்ன செய்வது? கட்டிலில் கிடந்த விரிப்பை எடுத்து உதறினாள். அவளுக்கு வேலை லாண்டரியில். ஹோட்டல்களிலிருந்து வரும் விரிப்புகளை உருளை மெஷினில் தேய்த்து மடிப்பது. கை தானாக அந்த விரிப்பை நாலாக, எட்டாக மடித்தது. மறுபடி பிரித்து, மறுபடி மடித்தது. "நான் எங்க படுக்கிறது? குடு அதை" என்று அவர் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் காலேஜில் செய்முறைத் தேர்வு இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மகள் அன்று ராத்திரியே பஸ் ஏறி அத்தையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போனாள். புதன்கிழமை பதினொரு மணிக்கு வார்டு ஊழியர் வந்து திரையை இழுத்துவிட்டு, ஆபரேஷனுக்காகக் கண்ணாடிக்காரரின் வயிற்றை மழித்தார். அவருக்கு அன்று நல்ல உற்சாகம். காலையில் நூற்றைம்பத்திரண்டு.

"பாத்து இழுங்க. நான் கண்ணாடியில போடற கோட்டைவிட நேரா இருக்கணும்" என்று ஊழியரைக் கிண்டல் செய்தார். "அந்தக் கிட்னியை எடுத்ததும் எனக்குக் காட்டச் சொல்லணும். ஒன்பது வருஷமா உள்ள உக்காந்துகிட்டு, ஊரெல்லாம் என்னைத் திட்ட வச்ச கழுதை. அதை ரெண்டு வார்த்தை கேக்கணும்." பிறகு மனைவியைப் பார்த்து, "ஏன் உன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? ஆபரேஷன் எனக்கா உனக்கா?" என்றார்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று பத்து. இந்நேரம் எடுத்திருப்பார்கள். "உங்களுக்குத்தான்" என்றாள். இதற்கு மேல் ஒரு மனுஷியால் எப்படி நடிக்க முடியும்? வாய்க்குள் கன்னத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள், உப்புக் கரித்தது.

வியாழக்கிழமை மூன்று மணி நேரம் ஆயிற்று. டாக்டரம்மா வெளியே வந்து எஃகுத் தட்டில் இருந்ததைக் காட்டினார். கோழி முட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். சுருங்கி, கறுத்து, ஒரு பக்கம் ஒடுங்கி இருந்தது. இதற்காகவா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இதற்காகவா ஒன்பது வருஷம் வீட்டில் ஒருத்தரும் உரக்கப் பேசவில்லை? இதற்காகவா அண்ணியை அவர் முகம் பார்க்காமல் அனுப்பினோம்?

மயக்கம் தெளிந்து கண் திறந்ததும், உலர்ந்த உதட்டோடு அவர் கேட்ட முதல் வார்த்தை, "அக்காவுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க."

"சாப்பிட்டாளா?"

அந்தக் கேள்விக்கு அவள் தயாராக இல்லை. செவ்வாய் மத்தியானம் எத்தனையோ பொய்களை யோசித்தவள், இதை யோசிக்க மறந்துவிட்டாள். "சாப்பிட்டாங்க" என்றாள். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். தான் செய்ததிலேயே பெரிய பாவம் அந்த ஒற்றை வார்த்தைதான் என்று அவளுக்குப் பட்டது.

அழுத்தம் இறங்கியது. வெள்ளிக்கிழமை நூற்று முப்பத்தெட்டு. மாத்திரை நான்கிலிருந்து ஒன்றாயிற்று. சனிக்கிழமை அவர், எதிர் ஜன்னல் கண்ணாடியைச் சரியாகப் பதிக்கவில்லை, காற்றடித்தால் ஆடுகிறது என்று கண்டுபிடித்து, படுத்த இடத்திலிருந்தே வார்டு ஊழியரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். கத்தி முடித்ததும் நர்ஸ் பயந்துபோய் அளந்தாள். நூற்று இருபத்தெட்டு. டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர், "கோபம் அவரோட சொந்தச் சரக்கும்மா. அதுக்கு ஆபரேஷன் கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வார்டே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே நெஞ்சும் வலித்தது. கோபத்துக்கும் அந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. ஒன்பது வருஷமாக அவர் காதில் விழாமல் காத்த ஒவ்வொரு சொல்லும் வீண்தானோ?

ஞாயிற்றுக்கிழமை காலை நூற்று இருபத்து நான்கு. நர்ஸ் போனதும் அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கையை நீட்டினார்.

"போனைக் குடு. அக்கா போன் இன்னும் ரிப்பேர்னா பையன் நம்பருக்குப் போடு. நூத்தி இருபத்து நாலுன்னு நானே சொல்லணும் அவகிட்ட."

அந்த வீட்டுச் சட்டப்படி நூற்று இருபத்து நான்குக்குச் சொல்லக் கூடாத செய்தி என்று எதுவுமே இல்லை. தையல் பிரித்த பிறகு, வீட்டுக்குப் போன பிறகு, கொஞ்சம் நடமாடத் தொடங்கிய பிறகு என்று அவள் தள்ளி வைத்திருந்தாள். நீட்டிய அந்தக் கையைப் பார்த்ததும் இன்னொரு பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

"அண்ணி இல்லீங்க" என்றாள்.

"எங்க போயிருக்கா?"

"இல்லீங்க. செவ்வாய்க்கிழமை காலையில... பத்தரை மணிக்கு. குளிச்சிட்டு வந்து நாற்காலியில உக்காந்தாங்களாம். வலி ஒண்ணும் இல்லையாம். புதன்கிழமை எடுத்துட்டாங்க. பரீட்சைன்னு நம்ம பொண்ணு போனது அங்கதான்."

அவர் கையை மெல்லத் தாழ்த்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் பக்கெட்டுல விழுந்துடுச்சுன்னு சொன்னியே."

"ஆமாங்க."

"நான் சிரிச்சேனே."

"ஆமாங்க."

"நல்லா வேணும் அவளுக்குன்னு சொன்னேனே..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஏழு வயதுப் பிள்ளை அழுகிற மாதிரி அழுதார். அழ அழத் தையல் இழுத்தது, வலியில் வளைந்தார். இருமினால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள். மனைவி ஓடிப்போய்த் தலையணையை எடுத்து அவர் வயிற்றில் வைத்து அழுத்திப் பிடித்தாள். பழக்கதோஷம், இன்னொரு கை பக்கத்து ஸ்டூலில் இருந்த கருவிக்குப் போயிற்று.

"அளக்காதே" என்றார். "எவ்வளவா வேணா இருந்துட்டுப் போகட்டும். அளக்காதே."

கையை எடுத்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடுங்க. நீங்க பொழைக்கணும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் தோணலை. தப்புன்னு தெரியுது. மறுபடி அதே நாள் வந்தாலும் அதைத்தான் செய்வேனோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியல."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் மேல கோபம் இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ரொம்ப நாளைக்கு இருக்கும்" என்றார். பிறகு, "இன்னும் என்னென்ன சொல்லாம வச்சிருக்கே?" என்று கேட்டார்.

"என்னங்க?"

"ஒன்பது வருஷமா வச்சிருப்பியே. எல்லாத்தையும் சொல்லு. இனிமே சொல்லலாம்ல?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மகள் முதல் வருஷம் இரண்டு பாடத்தில் தோற்று, அடுத்த வருஷம் எழுதித் தேறியதைச் சொன்னாள். கடையில் அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர், வெளியூரில் மகன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார் என்று சொல்லிவந்தார்களே, அவர் இறந்து நாலு வருஷம் ஆயிற்று என்று சொன்னாள். கண்ணாடிக்காரர் கண்ணை மூடினார், திறந்தார். "வேற?"

"பொண்ணு ஒரு தடவை பஸ்ஸுலேர்ந்து விழுந்து தலையில ஆறு தையல். முடி மறைச்சிடுச்சு."

"வேற?"

"அவ்வளவுதாங்க."

"இதெல்லாம் மத்தவங்களோடது" என்றார். "உனக்கு? ஒன்பது வருஷத்துல உனக்கு ஒண்ணுமே நடக்கலையா?"

இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டுக்கொண்டதில்லை. விரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"ஆறு வருஷம் முன்னாடி, லாண்டரியில பெரிய ஆர்டர், மூணு நாள் அங்கயே தங்கணும்னு சொல்லிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. சண்டை போட்டேனே."

"லாண்டரிக்குப் போகலீங்க. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூணு மாசம் ஆகியிருந்துச்சு. உங்ககிட்ட சொல்லணும்னு தினமும் காலையில கருவியைப் பாப்பேன். நல்ல சேதியும் சேதிதானே, அதுக்கும் ஏறிடுமோன்னு பயம். எறங்கட்டும், எறங்கட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள அது தங்காமப் போயிடுச்சு. போன அன்னிக்குக் காலையில உங்களுக்கு இருநூத்திப் பதினஞ்சு."

அவர் மிகவும் மெதுவாகக் கேட்டார், "கூட யாரு இருந்தா?"

"அண்ணி. ராவோட ராவா பஸ் ஏறி வந்தாங்க. மூணு நாளும் என் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். கடைசி வரைக்கும் அவங்க..."

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் கண்ணுக்குள்ளேயே நிறுத்தி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அண்ணிக்காக அழுதாள், பேர்கூட வைக்காமல் போனதற்காக அழுதாள், எது எதற்கு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, இடது பக்கத்தைக் கையால் தாங்கி, கட்டிலில் ஓரமாக நகர்ந்தார்.

"அசையாதீங்க, தையல் பிரிஞ்சிடும்."

"இங்க வந்து உக்காரு" என்றார். "அக்கா பஸ்ஸை விட்டு எறங்கினதுலேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் விட்ட இடத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.